திரும்பி வந்த கடிதங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லத்தில் ஒருவர் இறந்துவிட்டால் வாயிற்கதவில் மலர் வளையம் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. தெருவில் செல்வோர் அதைக் கண்டதுமே அது துக்க வீடென அறிவர். இவ்வழக்கத்தை அறியாத ஒருவருக்கு, 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலப் பாடலின் உட்பொருள் விளங்காமலே போய்விடக்கூடும். 'ஹீ ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே' என்பது அதன் பெயர். இன்றோடு அவளை நேசிப்பதை அவன் நிறுத்திக்கொண்டான் என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டவுடன், ஒருவழியாக அம்மனிதன் மனம் தேறிவிட்டான் போலும் என்றே எண்ணத் தோன்றும். இடையில் மலர் வளையம் வந்த பிறகுதான், அவன் தேறவில்லை, மாண்டுபோனான் என்பது புலனாகிறது.

நாம் 2010 முதல் 2016 வரை டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், போமாண்ட் நகருக்கு வடக்கே பைன் மரக்காடுகளின் நடுவே அமைந்த சிறு பங்கு ஒன்றில் பணியாற்றினோம். நம் நாட்டுக் குருக்கள் பலர் இந்நாளில் அந்நாட்டுப் பங்குகளில் பணிபுரிவதை வாசகர்கள் அறிவார்கள். 1901ஆம் ஆண்டு சனவரியில் போமாண்டை அடுத்த ஸ்பிண்டில்டாப் குன்றில் எண்ணெய் பீறிட்டெழுந்த நாள்முதல் அப்பகுதி எண்ணெய்க்கும் மரத்துக்கும் பேர்போனது. ஆலை வேலை நாடி அண்டை மாநிலமாகிய லூசியானாவிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு வழிக் குடும்பங்களும், மெக்சிகோ, வியட்நாம் நாடுகளிலிருந்து வந்தோரும் நம் பங்கின் மக்கள். அவர்கள் பேச்சு நமக்குப் பிடிபடவே ஓராண்டு ஆயிற்று. அவர்கள் பாட்டு பிடிபட மூன்றாண்டுகள் ஆயின.

'கன்ட்ரி' என்று அங்கே ஒருவகைப் பாட்டு உண்டு. நம் நாட்டார் பாடல்களைப் போல அது ஆசிரியர் பெயர் அறியாது வழங்கிவரும் பாட்டன்று. எழுதுவோர் உண்டு, பதிவு செய்யும் நிறுவனங்கள் உண்டு, டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரம் அதற்குத் தலைமையிடம். ஆயினும், கூலி வேலை, குடி, பிரிவு, தாய், கல்லறை, கோயில் ஆகியவற்றைக் கூச்சமின்றிப் பேசுவதால் உழைக்கும் மக்கள் அதைத் தமதென்றே கருதுகின்றனர். தொடக்கத்தில் நமக்கு அது மூக்கால் பாடும் ஓலமாகவே பட்டது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமையன்று, ஜார்ஜ் ஜோன்ஸ் என்னும் பாடகர் நாஷ்விலில் காலமானார். அவர் பிறந்த ஸரடோகா என்னும் சிற்றூர் நாம் பணியாற்றிய காட்டுப் பகுதியிலேயே உள்ளது. அன்று பெட்ரோல் நிலையத்தில், பலசரக்குக் கடையில், காப்பிக் கடையில், நோயாளிகளைக் காணச் சென்ற இல்லங்களில், எங்கும் வானொலி இந்த ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதைக் கேளாதிருக்க வழியில்லை. கேட்டோம்.

பாடலின் கதை மிகச் சிறியது. மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே ஓடும். இறந்தவனின் நண்பன் ஒருவன் அதைச் சொல்கிறான். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று ஒருவன் ஒருத்தியிடம் கூறியிருந்தான். காலம் செல்லச் செல்ல மறந்துவிடுவாய் என்று அவள் பதிலளித்துப் போய்விட்டாள். அவன் மறக்கவில்லை. சுவரில் அவளுடைய படம். படுக்கையருகே 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த அவளுடைய பழைய கடிதங்கள். அவற்றில் அன்பைக் கூறும் ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்பு மையால் கோடு. ஒருநாள் நண்பன் போய்ப் பார்க்கும்போது அவன் நல்லாடை உடுத்துக் கிடக்கிறான். பல்லாண்டுகளாகக் காணாத புன்னகை அவன் முகத்தில் இருக்கிறது. அதன்பின் இசை தாழ, பாடகர் பாடுவதை விட்டுப் பேசத் தொடங்குகிறார். அவள் வந்தாள் என்கிறார். வருவாளோ மாட்டாளோ என்று எல்லோரும் ஐயுற்றிருக்க, இறுதியாக ஒருமுறை அவனைக் காண வந்தாளாம்.

இதை எழுதியவர்கள் பாபி பிராடாக், கர்லி புட்மன் என்னும் இருவர். 1968ஆம் ஆண்டில் டாமி வைனெட் என்ற பாடகி பாடிப் புகழ்பெற்ற மணமுறிவுப் பாடல் ஒன்றை எழுதியவர்களும் இவ்விருவரே. நான்கு வயதுக் குழந்தைக்கு விளங்கிவிடக் கூடாதே என்று தாய் 'டைவர்ஸ்' என்னும் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்வதாக அமைந்தது அப்பாடல். அப்பாடகி 1969இல் ஜார்ஜ் ஜோன்ஸை மணந்தார். 1975இல் அத்திருமணமும் முறிந்தது. நாஷ்வில் சிறிய ஊர்தான் போலும்.

ஜோன்ஸ் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பிறந்தார். அவர் பிறக்குமுன்பே அவருடைய மூத்த சகோதரி ஒருத்தி சிறு வயதிலேயே மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானாள். அத்துக்கத்தில் தந்தை குடியில் விழுந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து, உறங்கும் சிறுவனை எழுப்பி, பாடு, இல்லையேல் அடி விழும் என்பாராம் தந்தை. தாயோ கோயிலில் பியானோ வாசித்த பக்தியுள்ள பெண்மணி. சிறுவன் பிறகு போமாண்ட் நகரத் தெருக்களில் கித்தார் வாசித்துச் சில்லறை சேர்த்தான். வளர்ந்து புகழடைந்த பின் தந்தையின் நோய் மகனையும் பற்றிக்கொண்டது. மதுக்கடைக்குப் போகவிடாது மனைவி கார்ச் சாவிகளையெல்லாம் ஒளித்து வைக்க, புல்வெட்டும் இயந்திரத்தில் ஏறி அமர்ந்து நெடுஞ்சாலையில் ஊர்ந்து கடைக்குச் சென்ற கதையை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்த மனைவி சிரித்திருக்கமாட்டார்.

இப்பாடல் அவரிடம் வந்த காலத்தில் அவர் உடைந்த மனிதர். கடனில் மூழ்கியிருந்தார், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்குச் செல்வதில்லை, உடல் எலும்பும் தோலுமாயிருந்தது, 1979ஆம் ஆண்டின் இறுதியில் அலபாமா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். பாடல் அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சோகமானதை எவர் வாங்குவர் என்றார். வேறொரு கவிஞரின் பாடல் மெட்டில் இதைப் பாடிப் பாடித் தயாரிப்பாளராகிய பில்லி ஷெரிலைச் சோதித்தார். பாடும்போது குளறாத நாக்கு, அந்த நான்கு வரிகளைப் பேசும்போது குளறியது. பாடியதற்கும் பேசியதற்கும் இடையே பல மாதங்கள் கடந்தன என்று ஷெரில் பின்னாளில் கூறினார். அவள் இறுதியாக வருகிறாள் என்ற பகுதியை எழுதிச் சேர்க்கும்படி பாடலாசிரியர்களை வற்புறுத்தியவரும் ஷெரிலே. அப்பகுதி இல்லையேல் இது ஒரு சாவுச் செய்தி, அவ்வளவே.

1980 ஏப்ரலில் இசைத்தட்டு வெளிவந்தது. சூலையில் கன்ட்ரிப் பாடல் வரிசையில் முதலிடத்தை எட்டியது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக இருமுறை தொடர்ந்து, ஆண்டின் சிறந்த பாடல் என்னும் விருதைக் கன்ட்ரி இசைச் சங்கம் இதற்கே அளித்தது. பேணிக்காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008ஆம் ஆண்டுக்குரியதாக இதைச் சேர்த்தது. 2013 மே 2ஆம் நாள், நாஷ்விலில் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' அரங்கில் ஜோன்ஸின் இறுதி வழிபாடு நடந்தபோது, ஆலன் ஜாக்சன் என்ற பாடகர் இப்பாடலைப் பாடித் தம் தொப்பியைக் கழற்றினார். அதைத் தொலைக்காட்சியில் கண்டபின் நம் பங்கிலும் ஒரு தொல்லை பிறந்தது. அடக்கத் திருப்பலியில் இதைப் போடலாமா என்று மூன்று குடும்பத்தார் வந்து கேட்டனர். திருப்பலியில் இயலாது, அடக்கத்துக்குப் பின் மண்டபத்தில் நடக்கும் விருந்தில் போடுங்கள் என்றோம். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கணவருக்கு, ஓடிப்போன ஒருத்தியைப் பற்றிய பாட்டு எவ்வாறு பொருந்தும் என்று ஒரு விதவைத் தாயாரிடம் கேட்டோம். "பொருத்தம் பார்த்துக் கேட்கவில்லை, ஃபாதர், அழுவதற்காகக் கேட்கிறேன்" என்றார் அவர். அதற்குமேல் நாம் பேசவில்லை.

எனினும், அப்பாடலில் நமக்குச் சில முரண்பாடுகள் உண்டு. முதலாவது கணக்கு. கேட்போர் ஒவ்வொருவரும் தலை நரைத்த கிழவர் ஒருவரையே மனக்கண்ணில் காண்கின்றனர். ஆனால் கடிதங்களின் ஆண்டு 1962. பாடல் வெளிவந்தது 1980. இடைவெளி பதினெட்டே ஆண்டுகள். அன்று இருபது வயதானவனுக்கு இறக்கும்போது முப்பத்தெட்டு வயதே ஆகியிருக்கும்! முப்பத்தெட்டு வயது மனிதன் செய்யக்கூடிய வேலைகள் எத்தனை! இவனது பற்றுறுதியை இறைவாக்கினர் ஓசேயாவின் பற்றுறுதியோடு ஒப்பிட்டு ஒருவர் பிரசங்கித்ததை அங்கே கேட்டிருக்கிறோம். அது நமக்கு ஒப்பவில்லை. ஓசேயா படுக்கையருகே கடிதங்களை வைத்துக்கொண்டு கிடக்கவில்லை. பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து, தவறிப்போனவளை மீட்டுவரப் புறப்பட்டுச் சென்றார்.

1970ஆம் ஆண்டில் கான்வே டுவிட்டி பாடிய 'ஹலோ டார்லிங்' இதற்கு நேர்மாறானது. அதில் எவரும் சாகவில்லை. பழைய காதலியை எதிர்பாராது சந்திக்கும் ஒருவன், நலமாயிருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, சற்று நேரத்தில் அது பொய்யென ஒப்புக்கொள்கிறான். முதற்சொற்களைப் பாடாமல் பேசும்படி ஆலோசனை கூறியவர் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. 1975 சூலையில் அமெரிக்க அப்பல்லோ கலமும் சோவியத் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்தபோது, நல்லெண்ண அடையாளமாக இப்பாடலின் ரஷ்ய மொழிப் பதிவு ஒலிக்கப்பட்டது. பகைமை பாராட்டிய இரு வல்லரசுகள் ஒன்றையொன்று விளிப்பதற்கு, பிரிந்துபோன காதலரின் தடுமாற்றப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடைக்கவில்லை போலும்.

நமது இரண்டாவது முரண்பாடு தானாக எழுந்ததன்று, ஒருவர் எழுப்பியது. பாடலில் அவள் எழுதிய கடிதங்கள் உள்ளன. அவன் எழுதியவை எங்கே?

கேட்டவர் நம் பங்கைச் சேர்ந்த எழுபத்தாறு வயதுப் பெரியவர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2011 அக்டோபரில் மனைவியை இழந்தவர்; நான்கு மக்கள்; மூத்த மகள் பக்கத்து வீட்டிலிருந்து சமைத்துக் கொடுத்து வந்தார். இங்கே நாம் எழுதுவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அவர் வீட்டுச் சமையலறை மேசையில் கேட்டது. சம்பந்தப்பட்ட இருவரும் இன்று உயிரோடில்லை. எழுதலாம் என்று மகள் இசைவு தந்திருக்கிறார்.

அப்பெரியவருக்கு ஜோன்ஸின் பாடல் கட்டோடு பிடிக்காது. வானொலியில் வந்தால் அணைத்துவிடுவார். "அந்த ஆளுக்கு வேலை வெட்டி இல்லையா, ஃபாதர்? 1962இல் நான் இரட்டை முறை வேலை செய்துகொண்டிருந்தேன். கடிதத்துக்குக் கோடு போட எனக்கு நேரம் ஏது?" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவருக்கே ஒரு கடிதம் வந்தது.

எழுதியவர் லூசியானாவின் லேக் சார்ல்ஸ் நகரில் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் இருந்த பெண்மணி. பாதிக்குமேல் எழுத்து மாறியிருந்தது. கை ஓய்ந்தபின் செவிலியர் எவரோ எழுதியிருக்க வேண்டும். செய்தி இதுதான்: நோய் முற்றிவிட்டது. 1959லும் 1960லும் நீங்கள் பட்டாளத்தில் ஜெர்மனியிலிருந்தபோது எனக்கு எழுதிய ஐம்பத்தொரு கடிதங்கள் என்னிடம் உள்ளன. என் கணவர் மறைந்துவிட்டார். என் பிள்ளைகள் கையில் இவை சேருமுன் உங்களிடம் ஒப்படைக்கவா, எரித்துவிடவா? உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. அதைக் கடிதத்தில் எழுத இயலாது.

அவள் எழுதியவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அவள் வேறொருவருக்கு நிச்சயமாகிவிட்டதாக இறுதிக் கடிதம் வந்த அன்றே, பாசறையின் அடுப்பில் எல்லாவற்றையும் போட்டுவிட்டாராம். தகப்பனார் வற்புறுத்தியதால் இசைந்தேன் என்று அவள் எழுதியிருந்தாள். அத்தகப்பனாரைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. மனைவி வந்தாள், மக்கள் பிறந்தனர், அவளை மறந்தார், தகப்பனாரை மறக்கவில்லை. அவர் வருவார் என்று அறிந்து, சொந்த அத்தையின் அடக்கத்துக்கே போகாமல் இருந்திருக்கிறார்.

மகளுக்குக் கோபம். "அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை. அதற்குள் இந்தக் கடிதமா? நீங்கள் போகக் கூடாதென்று ஃபாதராவது சொல்லட்டும்" என்றார். இத்தகைய வேளைகளில் இரு சாராரும் குருவானவரைத் தம் வழக்கறிஞராக அமர்த்திக்கொள்ளவே விரும்புகின்றனர். நாம் பெரியவரிடம் ஒன்றை மட்டும் கேட்டோம்: மனைவிக்கு இது தெரியுமா?

"திருமணத்துக்கு முன்பே சொன்னேன், ஃபாதர். எல்லாம் கேட்டாள். பெயரை மட்டும் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை."

அப்படியாயின் போகலாம் என்றோம். சாகும் நிலையில் உள்ளவர் ஒரு கேள்வி கேட்டால் விடை கூறுவது கடன். இறந்த மனைவிக்குத் தெரியாமல் ஒளித்த ஒன்றை இப்போது தேடிப் போவதாயிருந்தால் நம் விடை வேறாயிருக்கும். ஆனால் அஞ்சலில் வேண்டாம், நேரில் செல்லுங்கள், மகளையும் அழைத்துச் செல்லுங்கள் என்றோம். மகள் வர மறுத்துவிட்டார். பெரியவருக்குக் கண்ணில் புரை. நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. ஆகவே செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நாமே அழைத்துச் சென்றோம்.

போமாண்டிலிருந்து லேக் சார்ல்ஸ் ஏறத்தாழ அறுபது மைல். ஸபீன் ஆற்றைக் கடந்தால் லூசியானா. நகருக்குள் நுழையுமுன் 1952இல் திறக்கப்பட்ட உயர்ந்த பாலம் ஒன்று உண்டு. அதன் கைப்பிடிச் சுவர் நெடுகிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த கைத்துப்பாக்கி உருவங்கள். கடற்கொள்ளையர் கதைகள் வழங்கும் பகுதியாதலால் அப்படி. பாலம் புதிதாயிருந்தபோது அவளை அழைத்துக்கொண்டு அதன்மேல் மூன்று முறை வண்டியோட்டிய கதையைப் பெரியவர் சொன்னார். அதன்பின் வாய் திறக்கவில்லை.

அறையில் நாற்பது நிமிடம் இருந்தோம். நாம் வெளியே நிற்பதாகக் கூறியும், இருங்கள் என்றார் அப்பெண்மணி. பாடலில் வருவதுபோல் ஒன்றும் நிகழவில்லை. சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டார். கணவரின் இறால் படகைப் பற்றிப் பேசினார். முழங்கால் வலியைப் பற்றி இவர் பேசினார். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அப்பா வற்புறுத்தவில்லை. அப்பாவுக்கு உங்களைத்தான் பிடித்திருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்படி எழுதத் துணிவில்லாமல் அப்பாமேல் போட்டுவிட்டேன்."

பெரியவர் நெடுநேரம் தம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அவரோடு நன்றாக இருந்தாயா?" என்றார். நன்றாக இருந்தேன் என்றார் அப்பெண்மணி. "சரி" என்றார் இவர். கட்டிலுக்கடியில் காலணிப் பெட்டி ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டார். புறப்படுமுன் அவருக்கு நோயிற்பூசுதல் கொடுத்தோம். பெரியவர் பின்னால் நின்று மறுமொழி சொன்னார்.

திரும்பும் வழியில் ஸபீன் ஆறு வரை பேச்சில்லை. ஆற்றைக் கடக்கும்போது, "அந்தக் கிழவர் நல்லவர், ஃபாதர். எனக்கு ஒரு தூண்டிற்கோல் கொடுத்தார். பட்டாளத்துக்குப் போகும்போது வீட்டுக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்து அதைத் தொடவே இல்லை" என்றார்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு பொய்யைச் சுற்றி ஒரு பகை வாழ்ந்திருக்கிறது. ஜோன்ஸின் பாடலைப் பிறகு கேட்கும் போதெல்லாம், படுக்கையருகே கிடக்கும் அக்கடிதங்களில் எத்தனை சொற்கள் மெய்யானவை என்றே நமக்கு எண்ணம் ஓடுகிறது. சிவப்பு மையால் கோடிட்டவன் அதை அவளிடம் கேட்டறியவில்லை; இறுதியில் அவள் வந்தபோது கேட்கும் நிலையிலும் அவன் இல்லை. கேட்டிருந்தால் பாடல் இல்லை. அம்மனிதன் ஒருவேளை இருந்திருப்பான்.

கடிதங்களைப் பெரியவர் ஓரிரவு முழுதும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். காலையில் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் காலணியும் சாப்பாடும் சம்பளமும்தான், ஃபாதர். பத்து கடிதத்தில் ஒன்றில்தான் காதல் இருக்கிறது. இதையா அவள் இத்தனை காலம் வைத்திருந்தாள்?" என்றார். பிறகு அவற்றை மகளிடம் கொடுத்து, வேண்டுமானால் படி, இல்லையேல் எரி என்றார். மகள் எரிப்பதற்கே வாங்கிக்கொண்டார். எரிக்குமுன் மேலே இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதில் கோழியும் படைத்தலைவரும் பற்றிய ஒரு வேடிக்கைக் கதை இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸ் இரவிலும் தகப்பனார் தாயாரிடம் சொல்ல, தாயார் முதன்முறை கேட்பவர்போல் சிரிக்கும் அதே கதை. அம்மாவுக்கென்றே உண்டாக்கிய கதையென நினைத்திருந்தேனே என்று நம்மிடம் வந்து முறையிட்டார். முகம் சிவந்திருந்தது. பாதி முறையீட்டில் தாமே சிரித்துவிட்டார். ஐம்பத்தொன்றையும் படித்தார், எரிக்கவில்லை.

அப்பெண்மணி அக்டோபர் நடுவில் இறந்தார். பெரியவர் அடக்கத்துக்குச் சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். யார் என்று அவருடைய மகன் வினவியபோது, "உங்கள் தாத்தாவோடு மீன் பிடித்தவன்" என்றாராம். தாத்தாவின் கல்லறை எது என்றும் கேட்டு வந்தார்.

தெற்கு லூசியானாவில் நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, குடும்பத்தார் கல்லறைகளைக் கழுவி வெள்ளையடிப்பது பழைய பிரெஞ்சு வழக்கம். குருக்கள் வந்து மந்திரிப்பார்கள். நமக்கு அன்று திருப்பலிகள் இருந்தமையால் செல்ல இயலவில்லை. மகள்தான் வண்டியோட்டிச் சென்றார். பிறகு அவர் சொன்னது இது: தகப்பனார் ஒரு வாளிச் சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார், முழங்கால் வலியோடு மண்டியிட்டுக் கிழவரின் கல்லறையைத் தேய்த்துக் கழுவினார், வெள்ளையடித்தார், முதற்பூச்சு உலரட்டும் என்று எவ்வளவோ சொல்லியும் கேளாமல், ஈரத்தின் மேலேயே மறுபூச்சும் பூசிவிட்டார்.